கண்ணுக்குள்ளே ஒரு கருப்பு வளையம்

ஒரு மாசமாக இந்தப் பக்கம் வரமுடியவில்லை. வருடக் கடைசிக் கணக்கு, அதற்குப் பின்னாலேயே ஆடிட். பேங்க்கில் வேலை பார்க்கும் யாரையாவது கட்டிக்கொண்ட அம்மணிகளுக்கு நான் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பதிவுக்குக் காரணம் போன தீபாவளி. மணிநகரில் எங்கள் பக்கத்து பிளாக்கில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன், வெடிக்காத அணுகுண்டைக் குனிந்து பார்க்கப் போய், வலது கண்ணில் அடி. இரண்டு ஆபரேஷன் ஆனது. ஒரு வாரம் கழித்து அவன் அம்மா என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "சார், உள்ளே ஐரிஸ்ஸே இல்லைங்கறாங்க. லென்ஸும் எடுத்தாச்சு. புரைக்கு வைக்கிற மாதிரி ஒரு லென்ஸ் வெச்சுட்டா சரியாயிடும்தானே?" என்று கேட்டார். அகமதாபாத்தில் இத்தனை கண் டாக்டர் இருக்க, கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிற ஒரு பி.காம். பட்டதாரியிடம் ஏன் கேட்டார் என்றால், எங்கள் அண்ணன் விஷயம் அவருக்குத் தெரியும். அண்ணனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். படிக்கட்டில் நின்று அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. முழுசாகச் சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. டாக்டர்கள் யாராவது படித்தால், தப்பு இருக்கும் இடத்தில் பின்னூட்டத்தில் குட்டிவிட்டுப் போங்கள்.

முதலில் இந்த ஐரிஸ் என்பது எது? நம் பேச்சில் இங்கேதான் குழப்பமே. கருவிழி என்று நாம் சொல்வது இரண்டுக்கும் பொது. கண்தானத்தில் எடுத்து இன்னொருவருக்கு வைக்கிறார்களே, கண்ணின் முன்பக்கம் வாட்ச் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா, அதையும் கருவிழி என்கிறோம். அதற்குப் பின்னால் நமக்கெல்லாம் பழுப்பாக, வெள்ளைக்காரர்களுக்கு நீலமாகத் தெரியும் வட்டத் திரையையும் கருவிழி என்கிறோம். இரண்டாவது சொன்ன திரைதான் ஐரிஸ். அதன் நடுவிலுள்ள ஓட்டைதான் கண்ணின் பாப்பா. பாப்பா தனியாக ஒரு பொருளே இல்லை, வெறும் ஓட்டை.

அந்த ஓட்டை வெயிலில் 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும், இருட்டில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். விட்டம் நான்கு மடங்கு என்றால் பரப்பு பதினாறு மடங்கு. அதாவது வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கிற குழாய்த் திருகு அது. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. லென்ஸின் ஓரத்தை மறைத்து, நடுப்பகுதி வழியாக மட்டும் ஒளியை விடும். ஐரிஸ் இல்லாத கண்ணில் சாதாரண லென்ஸை வைத்தால், லென்ஸ் வழியாகவும் ஒளி வரும், லென்ஸைச் சுற்றியுள்ள சந்து வழியாகவும் வரும். படம் விழுகிற இடத்திலேயே அதன் மேல் கலங்கலாக இன்னொரு வெளிச்சம் கொட்டும். தியேட்டரில் படம் ஓடும்போது பக்கத்துக் கதவையெல்லாம் திறந்து வைத்த மாதிரி. ஆக, அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில், "வெறும் லென்ஸ் மட்டும் போதாது, கதவையும் சாத்த வேண்டும்" என்பதுதான். கதவைச் சாத்த மனிதர்கள் எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

அதற்கு முன், லென்ஸ் கதை. அதுவே ஓர் அடிபட்ட கண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

1940 ஆகஸ்ட் 15. (ஏழு வருஷம் கழித்து அதே தேதியில் நமக்குச் சுதந்திரம் கிடைத்தது, அது வேறு விஷயம்.) இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மன் விமானங்கள். ராயல் ஏர்ஃபோர்ஸின் 601-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த கார்டன் கிளீவர் என்ற பைலட், அவசரத்தில் பறக்கும் கண்ணாடியை மறந்துவிட்டு ஹரிக்கேன் விமானத்தில் ஏறிவிட்டார். வின்செஸ்டர் பக்கம் பறக்கும்போது குண்டு பட்டு, தலைக்கு மேலிருந்த பெர்ஸ்பெக்ஸ் கூடு சிதறியது. பெர்ஸ்பெக்ஸ் என்பது ஐ.சி.ஐ. கம்பெனியின் அக்ரிலிக் பிளாஸ்டிக். தூள் தூளாகச் சிதறி இரண்டு கண்ணிலும் ஏறியது. அந்த நிலையிலும் பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார். வலது கண் போய்விட்டது. முகத்துக்கும் கண்ணுக்குமாக 18 ஆபரேஷன். இடது கண்ணுக்குள் சில பிளாஸ்டிக் சில்லுகள் அப்படியே தங்கிவிட்டன.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களில் ஹெரால்டு ரிட்லி ஒருவர். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரியிலும் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியிலும் கண் சர்ஜன். இவர் கவனித்த விஷயம் ஒன்றே ஒன்று. கண்ணுக்குள் அந்நியப் பொருள் போனால் சிவந்து, சீழ் வைத்து, கண்ணே கெட்டுப்போவதுதான் வழக்கம். ஆனால் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தன. கூரான விளிம்பு அசையும் பாகத்தில் உரசினால் ஒழிய, கண் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை.

அந்தக் காலத்துக் கண்புரை ஆபரேஷன் எப்படி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். புரை விழுந்த லென்ஸை எடுப்பார்கள், பதிலுக்கு ஒன்றும் வைக்க மாட்டார்கள். அசையாமல் படுக்க வைத்து, பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி தருவார்கள். என் ஆச்சி அதைப் போட்டுக்கொண்டு இருந்தாள். ப்ளஸ் 10 பவர். பார்ப்பதெல்லாம் நாலில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. வாசற்படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவித்தான் இறங்குவாள். இரண்டு கண்ணும் போனவர்களுக்காவது அது பரவாயில்லை. ஒரு கண்ணில் மட்டும் லென்ஸ் இழந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடி உதவவே உதவாது. ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சாதாரணமாகவும் காட்டினால் மூளை இரண்டையும் சேர்க்காது. இந்த ஒற்றைக் கண் சமாச்சாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிட்லி புரை ஆபரேஷன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் ஏன் ஒன்றும் வைக்கவில்லை என்று கேட்டாராம். ரிட்லிக்குள் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த யோசனையை அந்தக் கேள்வி ஊதிவிட்டது. ரேனர் கம்பெனியின் ஜான் பைக் என்ற ஒளியியல் நிபுணரைச் சந்தித்தார். லண்டன் கேவண்டிஷ் சதுக்கத்தில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பேசினார்களாம். ஏதோ கடத்தல் பேரம் மாதிரி. விஷயம் வெளியே போனால் வேலைக்கே ஆபத்து என்ற பயம். ஐ.சி.ஐ. கம்பெனி கண்ணுக்கென்றே சுத்தமான பெர்ஸ்பெக்ஸ் தயாரித்துக் கொடுத்தது. 1949 நவம்பர் 29-ல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணிக்குப் புரையை எடுத்து, 1950 பிப்ரவரி 8-ல் அந்த லென்ஸை நிரந்தரமாக வைத்தார்.

பார்வை வந்ததா? வந்தது, ஆனால் மைனஸ் 18 பவரில்! கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸின் வளைவை அப்படியே அக்ரிலிக்கில் காப்பி அடித்துவிட்டார்கள். அக்ரிலிக் ஒளியை அதிகமாக வளைக்கும் பொருள் என்பதைக் கணக்கில் சரியாக எடுக்கவில்லை. எங்கள் தொழிலில் இதை வட்டி விகிதத்தில் புள்ளி தப்பிப் போட்டது என்போம். அடுத்தடுத்த லென்ஸ்களில் திருத்திக்கொண்டார்.

இரண்டு வருஷம் ரகசியமாக வைத்திருந்தது எப்படி வெளியே வந்தது என்பது சினிமா காமெடி. லண்டனில் ஃப்ரெடரிக் ரிட்லி என்று இன்னொரு கண் டாக்டர். நம் ரிட்லியின் பேஷன்ட் ஒருவர் பெயர்க் குழப்பத்தில் அவரிடம் பரிசோதனைக்குப் போய் உட்கார, அவர் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்க்க... விஷயம் உடைந்தது. இனி மறைத்துப் பலனில்லை என்று 1951 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு கண் மருத்துவர் மாநாட்டில் ரிட்லியே போய்ச் சொன்னார். பேஷன்ட்களையும் கூட்டிப் போயிருந்தார். கண் மருத்துவத்தின் பெரிய பாடப்புத்தகங்களை எழுதிய சர் ஸ்டூவர்ட் டியூக் எல்டர், அவர்களைப் பார்க்கவே மறுத்துவிட்டார் என்று ரிட்லியின் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். கண்ணிலிருந்து பொருளை எடுப்பதுதான் சர்ஜன் வேலை, உள்ளே போடுவதல்ல என்பது அன்றைய சாஸ்திரம்.

எதிர்த்தவர்களை முழுக்க வில்லனாக்கவும் எனக்கு மனசில்லை. ரிட்லியின் லென்ஸ் கனமானது. உள்ளே நழுவி விழுந்தது, வீக்கம் வந்தது, நூற்றுக்குப் பதினைந்து அளவில் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. நானே அந்த மேஜையில் கடன் அதிகாரியாக உட்கார்ந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் பேஷன்டைப் பார்க்கவே மாட்டேன் என்பது வேறு. ஃபைலைத் திறக்காமலே நிராகரிப்பது அது.

ரிட்லி கசந்துபோய் 1971-ல் ஓய்வு பெற்றார். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1981-ல் கண்ணுள் லென்ஸை அங்கீகரித்தது. அப்புறம் உலகம் தலைகீழாக மாறியது. 1986-ல் ராயல் சொஸைட்டி உறுப்பினர், 2000-ல் 93 வயதில் சர் பட்டம், 2001-ல் மறைவு. நடுவில் அவர் கண்களிலேயே புரை விழுந்து, அதே செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டார்.

கிளீவர்? தன் கண்ணைப் பாடப்புத்தகமாகக் கொடுத்த அந்த பைலட்டுக்கு மிச்சமிருந்த ஒரு கண்ணிலும் புரை வந்து, 1987-ல்தான் லென்ஸ் வைத்தார்கள். அடிபட்டு 47 வருஷம் கழித்து. அந்தத் தேதியைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாடம் கிடைத்தது அடிபட்ட கண்ணில். பலன் போனது புரை விழுந்த கண்ணுக்கு. அடிபட்ட கண்கள் வரிசையில் கடைசி. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கோடிக்கணக்கான பேர் புரையில் குருடாகும்போது அவர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆனால் வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு அந்த நியாயம் ஆறுதலாக இருக்காது.

அதிலும் ஐரிஸ் போனவன் கதி இன்னும் மோசம். ரிட்லியின் லென்ஸ் நழுவி விழுகிறது என்றதும் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? லென்ஸைப் பிடித்து வைக்க ஐரிஸையே ஆணியாக்கிக்கொண்டார்கள். ஹாலந்தின் பிங்க்ஹார்ஸ்ட் 1950களின் கடைசியில் ஐரிஸில் கிளிப் மாதிரி மாட்டும் லென்ஸைக் கொண்டுவந்தார். அதே ஹாலந்தின் யான் வோர்ஸ்ட் 1970களில் நண்டுக் கொடுக்கு மாதிரி ஐரிஸைக் கவ்விக்கொள்ளும் லென்ஸைச் செய்தார். நல்ல யோசனைதான், இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் ஐரிஸே இல்லாதவனுக்கு? ஆணி அடிக்கச் சுவரே இல்லையே.

அந்தக் கொடுக்கு லென்ஸை நம் நாட்டில் பரப்பியவர் அமிர்தசரஸ் டாக்டர் தல்ஜித் சிங். 1970களிலேயே லென்ஸ் வைக்க ஆரம்பித்துவிட்டார். ஜனாதிபதி ஜெயில் சிங்கின் கண் டாக்டர். நான் அமிர்தசரஸ் கிளையில் மூன்று வருஷம் குப்பை கொட்டியபோது, பென்ஷன் வாங்க வரும் வயசான சர்தார்ஜிக்களில் பாதிப் பேர் அவர் பெயரைச் சொல்லித்தான் பாஸ்புக்கைக் கண்ணாடி இல்லாமல் படித்துக் காட்டுவார்கள். 2014-ல் அவர் ஆம் ஆத்மி வேட்பாளராக அருண் ஜேட்லியையும் அமரிந்தர் சிங்கையும் எதிர்த்து அங்கே நின்றார். தோற்றார். 2017-ல் காலமானார்.

நம் பக்கம் மதுரை. எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையோடு, 58 வயதில் ரிட்டயர் ஆன பிறகு 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த கதை உங்களுக்குத் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது 1992-ல் தொடங்கிய ஆரோலேப். வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், அவர்கள் மதுரையிலேயே செய்து பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கும் கீழே. என் அப்பா காலத்தில் சோடாபுட்டி போட்டவர்கள் கூட்டமாக இருந்த எங்கள் ஊரில், இன்று தேடினாலும் ஒரு சோடாபுட்டி கிடைக்காது என்றால் அதற்கு இந்த விலைதான் காரணம் என்பேன். கணக்குப் பிள்ளை புத்தி, விலையைத்தான் முதலில் பார்க்கும்.

சரி, நம் ஆளுக்கு வருவோம். ஐரிஸ் போனவனுக்கு யாரும் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தார்கள். கண்ணில் பச்சை குத்துவது ரொம்பப் பழசு. பூ விழுந்த கண்ணின் வெள்ளையை மறைக்க, இரண்டாம் நூற்றாண்டிலேயே காலன் என்ற வைத்தியர் செப்பு உப்பை வைத்துச் சாயம் ஏற்றினாராம். 1869-ல் பாரிஸில் லூயி வெக்கர் இந்தியன் இங்க் வைத்துக் குத்தினார். (இந்தியன் இங்க் என்று பெயர், செய்தது சீனாக்காரன்.) வண்ணம் பூசிய கான்டாக்ட் லென்ஸ் வந்தது. நம் ஊர்ப் புழுதியிலும் வெயிலிலும், தழும்பேறிய கண்ணில் தினமும் அதை மாட்டிக் கழற்றுவது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை. ரிட்லியின் சிஷ்யர் போன்ற பீட்டர் சாய்ஸ், கண்ணின் முன்னறையில் ஐரிஸ் மாதிரி வண்ணம் போட்ட அக்ரிலிக் லென்ஸை வைத்துப் பார்த்தார். ஆனால் முன்னறை என்பது குறுகலான இடம். அங்கே உட்காரும் பொருள் கார்னியாவை மெல்ல மெல்லக் கெடுக்கும், கண்ணில் அழுத்தம் ஏறும். அந்த வழி மூடியது.

உருப்படியான வழி 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிறந்தது. ரைனர் சுண்ட்மாகர் என்ற டாக்டர் குழுவும் ஷ்டுட்கார்ட் மோர்ஹர் கம்பெனியும் சேர்ந்து, நடுவில் 5 மில்லிமீட்டர் தெளிவான லென்ஸ், அதைச் சுற்றி 10 மில்லிமீட்டர் வரை கன்னங்கரிய வளையம், இரண்டு பக்கமும் கண்ணோடு தைக்கக் காதுகள், எல்லாம் ஒரே துண்டில் செய்தார்கள். லென்ஸும் ஆயிற்று, கதவும் சாத்தியாயிற்று. 1994-ல் இதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். குறையும் உண்டு. கருப்புச் சாயம் கலந்த அக்ரிலிக் நொறுங்கும் தன்மை உள்ளது. வளையாது, மடங்காது. பத்து மில்லிமீட்டர் தட்டை உள்ளே விட வேண்டுமானால் கண்ணைக் கிட்டத்தட்டப் பாதி வட்டம் திறக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கிழிந்து தைத்த கண்ணை! பின்னாலேயே ஹாலந்தின் ஆப்டெக் கம்பெனி பழுப்பு, நீலம், பச்சை நிறங்களில் செய்தது. சீப்புப் பல் மாதிரி உள்ள இரண்டு வளையங்களை ஒவ்வொன்றாகச் சின்னத் துளை வழியே விட்டு, உள்ளே ஒன்றன் சந்தில் இன்னொன்று வருமாறு திருகிவிடும் முறையும் வந்தது. அதற்கு லென்ஸின் பை முழுசாக இருக்க வேண்டும். அடிபட்ட கண்ணில் பல பேருக்கு அந்தப் பையும் மிஞ்சியிருக்காது.

கடைசியாக வந்தது சிலிக்கோன் ஐரிஸ். ஜெர்மனியின் ஹியூமன் ஆப்டிக்ஸ், டாக்டர் கோக் என்பவரோடு சேர்ந்து செய்தது. 12.8 மில்லிமீட்டர் விட்டம், 0.4 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவான நிரந்தர ஓட்டை. நல்ல கண்ணை போட்டோ எடுத்து அனுப்பினால், அதைப் பார்த்துக் கையாலேயே வண்ணம் தீட்டித் தருவார்கள். சுருட்டி உள்ளே விடலாம். பவர் வேண்டுமானால் லென்ஸைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2018 மே மாதம் எஃப்.டி.ஏ. ஒப்புக்கொண்டது. 389 பேரிடம் நடந்த சோதனையில் 70 சதவீதத்துக்கு மேல் கண்கூச்சம் நன்றாகக் குறைந்ததாகச் சொன்னார்கள், 94 சதவீதம் பேருக்குத் தோற்றத்தில் திருப்தி. விலை லட்சங்களில்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நல்ல கண்ணில் அழகுக்காக நிறம் மாற்றும் ஐரிஸ் வைக்கிறோம் என்று வெளிநாடுகளில் ஒரு வியாபாரம் நடந்தது. அது வேறு சாமான், முன்னறையில் வைப்பது. கார்னியா கெட்டு, அழுத்தம் ஏறி, பார்வை போனவர்கள் உண்டு. யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

லட்சங்கள் இல்லாதவனுக்கு? கருப்பு வளைய லென்ஸை நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். தைப்பதில்தான் சிக்கல். நூல் வருஷங்கள் போகப் போக இற்று, லென்ஸ் சரியும். இதற்கு ஒரு விடை சென்னையில் கிடைத்தது. 2007 டிசம்பரில் டாக்டர் அமர் அகர்வால், லென்ஸின் இரண்டு காதுகளையும் கண்ணின் வெள்ளைச் சுவர் வழியே வெளியே இழுத்து, அந்தச் சுவரிலேயே குடைந்த சின்னச் சுரங்கத்தில் செருகி, மேலே ஃபைப்ரின் பசையால் ஒட்டினார். ரத்தம் உறையும்போது உண்டாகும் அதே ஃபைப்ரின்தான். ஐரிஸும் இல்லை, பையும் இல்லை என்றாலும் லென்ஸ் உட்கார இடம் கிடைத்துவிட்டது. 2010-ல் அதே குழு, ஐரிஸ் இழந்த கண்களில் கருப்பு வளைய லென்ஸை இப்படிப் பசை போட்டு ஒட்டியதைப் பற்றி எழுதினார்கள்.

இனி அண்ணன்.

என் பெரியப்பா மகன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். 1989 முழுப்பரீட்சை லீவு. அவருக்கு 13 வயது, எனக்கு 10. கண்மாய்க் கரையில் கிட்டிப்புள். இரண்டு பக்கமும் சீவிய அந்தச் சின்னக் குச்சி எப்படிப் பறக்கும் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். இடது கண். ஆபரேஷன் செய்த டாக்டர், "உசுருக்கும் கண்ணு முழிக்கும் பயமில்ல. பார்வைக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அன்றைக்கு அது பொய் இல்லை. சுண்ட்மாகரின் லென்ஸ் அப்போது பிறக்கவே இல்லை. கண்ணாடி போட்டால் மேலே சொன்ன ஒற்றைக் கண் தகராறு. கண்ணை அப்படியே விட்டுவிட்டோம்.

கரிசக்காட்டு வெயில் எப்படி என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். 33 வருஷம் அண்ணன் இடது உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் வெளியே நடந்தார். அவர் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தைத் தவிர எல்லாவற்றிலும் கை கண்ணில்தான். போட்டோ ஃப்ளாஷ் தாங்காது.

2022-ல் நான் ஊருக்குப் போனபோது கட்டாயப்படுத்தி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விழித்திரை நன்றாக இருக்கிறது, அழுத்தம் பரவாயில்லை, கார்னியாவில் ஒரு தழும்பு. "13 வயசுல அடிபட்டதால ஒரு நல்லது. பார்வை அதுக்குள்ள முழுசா வளர்ந்திருக்கும். நாலு வயசுல பட்டிருந்தா மூளை அந்தக் கண்ணை மறந்தே போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார்.

"சின்னப்பிள்ளையில விளையாடும்போது குச்சி மேல விழுந்துட்டேம்மா" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டிலும் 1989-லிருந்து இதே பதில்தான். பெரியப்பா கேட்டபோதும் இதுதான். அடித்தது நான். கரையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. என் அப்பா பெல்ட்டை எடுப்பார் என்று தெரிந்து, ரத்தம் வழிகிற கண்ணோடு கண்மாயிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொல்லிக்கொடுத்த பொய் அது. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். என் தங்கமணிக்கே இந்தப் பதிவைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

பசை போட்டு ஒட்டும் முறையில், கருப்பு வளையம் வைத்த லென்ஸ். ஒன்றரை மணி நேரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் கிளீவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். நேரம் போக வேண்டுமே.

சினிமாவில் கட்டுப் பிரிக்கிற சீன் மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. முதல் வாரம் கலங்கல்தான். தழும்பு இருக்கிறது, கண் கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. மூன்று மாதம் கழித்துக் கண்ணாடியோடு 6/24. அதாவது நல்ல கண் 24 மீட்டரிலேயே படித்துவிடும் எழுத்தை இவர் 6 மீட்டருக்குக் கிட்டே போய்த்தான் படிக்க முடியும். அழுத்தம் ஏறுகிறதா என்று வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டும், சொட்டு மருந்து போட வேண்டும். கிட்டத்தில் பார்த்தால் அந்தக் கண் மட்டும் கருகருவென்று, பாப்பா சுருங்காமல் விரியாமல் இருப்பது தெரியும். ஆனால் கூச்சம் போய்விட்டது. பக்கத்து பிளாக் அம்மாவுக்கும் இதையேதான் சொன்னேன். இப்போது அவசரம் வேண்டாம், காயம் ஆறட்டும், விழித்திரையும் அழுத்தமும் எப்படி என்று கேளுங்கள், பையன் வயசையும் சொல்லி, இந்த வகை லென்ஸ் வைத்துப் பழக்கமுள்ள டாக்டரைத் தேடுங்கள் என்று.

போன வருஷம் அண்ணன் மகள் சடங்குக்குப் போயிருந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பந்தலுக்கு வெளியே, உச்சி வெயிலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். இரண்டு கையும் கும்பிட்டபடி. என்னைப் பார்த்ததும் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏல, இம்புட்டு நரைச்சுப்போச்சு? டை கிய் அடிக்கப்பிடாதா?"

அந்தக் கண்ணால் அதற்கு முன் அவர் என்னைத் தெளிவாகப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. "அடிக்கிறேண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன்.